பதினேழு பன்றிகள்

மகாயுத்தம் முடிந்து ஆறேழு வருஷம் கழித்து, துப்பாக்கி வைத்துக்கொள்ளும் விதிகளைச் சர்க்கார் தளர்த்தியது. அதற்கு முன்பு வெள்ளைக்காரனுக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதி. மானமுள்ள ஜனங்களை நிராயுதபாணிகளாக வைத்திருப்பது அவமானம் என்று சட்டசபையில் பேசினார்கள். பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த நியாயம் டில்லியிலிருந்து புறப்பட்டுத் தென்காசித் தாலுகா கச்சேரிக்கு வந்து சேர்ந்தபோது ஒரு மனுத்தாளாகச் சுருங்கியிருந்தது. நிலமுள்ளவர் எவரும், தம் பயிரைக் காட்டு மிருகங்கள் அழிப்பதாகக் கிராம முன்சீப்பிடம் சான்று வாங்கி மனுச் செய்தால் லைசென்ஸ் கிடைக்கும்.

ஒரே மாதத்தில் நாற்பத்தொரு மனுக்கள் வந்தன. நாற்பத்தொன்றிலும் காட்டுப்பன்றிகள். மலையை விட்டு வெகுதூரம் தள்ளி, பாவூர்சத்திரத்துக் கத்தரித் தோட்டங்களையும் பன்றிகள் சூறையாடியிருந்தன. தென்காசி ரத வீதியில் ஒரு வக்கீலுக்குச் சொந்தமாக நிலமே கிடையாது. மனைவி பேரில் இருந்த தென்னந்தோப்பில் பன்றிகள் இளநீரைக் குடித்துவிடுவதாக எழுதியிருந்தார். தாலுகா குமாஸ்தா அதையும் படித்து, நம்பர் போட்டு, மேலே அனுப்பினார்.

இவர்களில் யாருக்கும் பன்றியைப் பற்றிக் கவலை இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகும்போது பின்னால் ஓர் ஆள் துப்பாக்கியைச் சுமந்து வர வேண்டும். கூடத்துச் சுவரில் அது தொங்க வேண்டும். பங்காளி பார்க்க வேண்டும். தேசத்தின் மானம் என்று சட்டசபையில் பேசியது இங்கே பங்காளியின் வயிற்றெரிச்சல் என்று மொழிபெயர்க்கப்பட்டது.

மனுக்களில் உண்மையானது ஒன்று இருந்தது. அது உண்மையாக இருந்ததற்கு மனுதாரர் பொறுப்பல்ல.

குத்துக்கல்வலசை நம்பிராஜனுக்கு ஐந்தருவிக்குக் கீழே, மலையடிவாரத்தில், மூன்று கோட்டை விதைப்பாடு வயல் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. விளைச்சலில் பங்கு பேசி அதை வாரத்துக்கு உழுதவன் மாடக்கண்ணு. புரட்டாசியில் கார் நெல் பழுக்கும்போது பன்றிகள் இறங்கும். மாடக்கண்ணுவும் அவன் மனைவி குருவம்மாளும் பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டுவார்கள். தகரச் சத்தம் பன்றிகளுக்கு முதல் வருஷம் பயமாக இருந்தது. மூன்றாம் வருஷம் பழகிவிட்டது. விளைந்ததில் பாதி வீடு வந்தால் அதிகம்.

மாடக்கண்ணு யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போய் மூன்று வருஷம் இருந்தவன். சர்க்காரே அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து முந்நூறு கஜத்தில் குறி வைக்கப் பழக்கியிருந்தது. விதி தளர்ந்த செய்தி கேட்டு அவன்தான் முதலில் கச்சேரிக்குப் போனான். குமாஸ்தா கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நிலம் உன் பேர்ல இருக்கா?” இல்லை. நேரே குத்துக்கல்வலசைக்கு நடந்து, நம்பிராஜனிடம் சொன்னான்.

“மொதலாளி, நீங்க ஒரு மனுப் போட்டா போதும். ரெண்டு பூ வெளையுறதுக்குள்ள பன்னியை ஒழிச்சுப்புடலாம்.”

பன்றி என்ற சொல் நம்பிராஜன் காதில் விழவில்லை. மனு என்பது விழுந்தது. அவருடைய பங்காளி ஏற்கெனவே மனுப் போட்டிருந்தார்.

துப்பாக்கி மதராஸிலிருந்து ரயிலில் வந்தது. இரட்டைக்குழல், தோட்டாப் போடுவது. அதோடு தோட்டா செருகும் தோல்பட்டை, காக்கிக் கோட்டு, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், தொப்பி, குழல் துடைக்கும் பித்தளைக் கம்பி, சங்கிலியில் கோத்த ஒரு விசில் எல்லாம் வந்தன. அந்த விசில் எதற்கென்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. குளித்து, திருநீறு பூசி, இவ்வளவையும் மாட்டிக்கொண்டு அவர் கூடத்தில் நின்றபோது மனைவி ரெங்கம்மாள் பார்த்துவிட்டு, “தபால்காரன் மாதிரி இருக்கு” என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்பானையைத் தொங்கவிட்டு நம்பிராஜன் முதல் வெடி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தார். கட்டை பின்னால் உதைத்ததில் தோள் வீங்கி, பதினோரு நாள் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்தார். பானைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஆயுளில் துப்பாக்கி சுட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. லைசென்ஸ் நிபந்தனைப்படி துப்பாக்கியை வேறு எவர் கையிலும் கொடுக்கக் கூடாது; எத்தனை தோட்டா செலவு, எத்தனை மிருகம் விழுந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். ஆகவே நம்பிராஜன் வில்வண்டியில் வயலுக்கு வந்து, வண்டியை விட்டு இறங்காமல் இருப்பார். மாடக்கண்ணு துப்பாக்கியோடு போவான். வெடிச் சத்தம் கேட்டபின் அவர் இறங்கி வந்து, செத்த பன்றியின்மேல் பூட்ஸ் காலை வைப்பார். நோட்டில் “என் கையால் சுட்டது” என்று அவரே எழுதுவார்.

மலையடிவாரத்தில் வேட்டைப் பங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. தலையும் ஒரு தொடையும் சுட்டவனுக்கு, மீதி, மிருகத்தைக் கலைத்து விரட்டியவர்களுக்கு. நம்பிராஜன் வீடு சைவம், பூண்டுகூட உள்ளே வராது. இருந்தாலும் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. பன்றித் தலை தாம்பாளத்தில் குத்துக்கல்வலசை வரை ஊர்வலம் வரும். தெருவைத் தாண்டியதும் அப்படியே கிராம முன்சீப் மந்திரமூர்த்தி வீட்டுக்குப் போய்விடும். கோரைப்பற்களை மட்டும் மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கூடத்தில் மாட்டினார்கள்.

மாடக்கண்ணுவுக்கு இதில் வருத்தம் இல்லை. தலை போனால் போகட்டும், நெல் வீடு வந்தது. இரண்டு வருஷத்தில் பதினேழு பன்றிகள் விழுந்தன. பதினேழுக்கும் பதினேழே தோட்டா.

கணக்கைப் பார்த்து மந்திரமூர்த்திதான் முதலில் தலையைச் சொறிந்தார்.

“அண்ணாச்சி, நடுவுல நாலஞ்சு தப்பிப் போச்சுன்னு எழுதுங்க. எல்லாமே விழுந்துச்சுன்னா எவன் நம்புவான்?”

“என் குறி தப்பிச்சுன்னு என் கையாலயே எழுதச் சொல்லுதீரா?” என்றார் நம்பிராஜன்.

அவர் உண்மையிலேயே கோபப்பட்டார். சொல்லிச் சொல்லி, அது தம் குறிதான் என்று அவருக்கே பட ஆரம்பித்திருந்தது. சீசனில் குற்றாலத்துக்கு வருகிற பெரிய மனிதர்கள் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து வேட்டைக் கதை சொல்வார். எண்ணெய் ஊறும் வரைக்கும் எழுந்து போக முடியாதவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வருஷம் ஆடியில் சப்-கலெக்டர் குற்றாலத்தில் முகாம் போட்டார். இள வயது வெள்ளைக்காரர். லைசென்ஸ் புதுப்பிக்க வந்த நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினவர் நம்பிராஜனுடையதில் நின்றுவிட்டார். பதினேழு பன்றி, பதினேழு தோட்டா. வேட்டையில் பைத்தியம் உள்ளவர். தாமே மூன்றுக்கு ஒன்று தப்பவிடுகிறவர். நம்பிராஜனை அழைத்து, பரீட்சைக்குப் படித்த தமிழில் சொன்னார்:

“நீர் மிகப் பெரிய வேட்டைக்காரர். நீர் சுடுவதை நான் என் கண்ணால் காண ஆசைப்படுகிறேன். வியாழக்கிழமை காலையில்.”

மறுநாள் நம்பிராஜன் மாடக்கண்ணுவை ஆள் விட்டு அழைத்தார். கூடத்தில் மந்திரமூர்த்தியும் இருந்தார்.

“ஏலே, தொரெ வந்து நிக்கப்போறான். என்னலே செய்யது?”

“காய்ச்சல்னு சொல்லிப்புடுங்க மொதலாளி.”

“சொன்னா அடுத்த வாரம் வருவான். அவன் முகாம் ஒரு மாசம் இருக்கு. நோட்டு பொய்னு தெரிஞ்சா லைசென்ஸ் போச்சு.”

மாடக்கண்ணு மனசுக்குள் கணக்குப் பார்த்தான். லைசென்ஸ் போனால் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் புரட்டாசியில் மறுபடியும் தகரம்தான். நாற்று நட்டு முப்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் பன்றித் தடம் வரப்பில் தெரிய ஆரம்பித்திருந்தது.

நம்பிராஜன் எழுந்து போய், பரணில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அடியிலிருந்து ஒரு நீளமான சாக்குக் கட்டை இறக்கச் சொன்னார். உள்ளே அவருடைய பாட்டனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி. வாய்வழியாக மருந்தும் ஈயக் குண்டும் கெட்டித்துச் சுடுவது. லைசென்ஸ் இல்லாதது, சர்க்காரில் ஒப்படைக்காமல் மறைத்து வைத்தது.

“நீ புதருக்குள்ள இருந்துக்கோ. நான் துப்பாக்கியைத் தூக்கினதும் நீ சுடு. பன்னி விழுந்தா நான் சுட்டது.”

மாடக்கண்ணு அதை வாங்கி, விசைக் குதிரையை இழுத்துப் பார்த்தான்.

“சுடும் மொதலாளி. ஆனா நாட்டு மருந்து பொகையும். உங்க தோட்டா அவ்வளவு பொகையாது.”

“குத்தாலத்துல ஆடி மாசம் பொகை தெரியுமாலே?” என்று சிரித்தார் மந்திரமூர்த்தி. “சாரல் அடிச்சா ஆனையே தெரியாது.”

“அப்பம் சரி. இன்னொண்ணு, மொதலாளி. நீங்களும் சுட்டிரணும். வானத்தைப் பாத்துச் சுட்டாக்கூடப் போதும். உங்க குழல்லயும் மருந்து வாடை இருக்கணும்.”

“எனக்குத் தெரியாதாலே? போ.”

வீட்டில் சாக்குக் கட்டைப் பார்த்ததும் குருவம்மாள் புரிந்துகொண்டாள்.

“அகப்பட்டா அவரையா பிடிப்பான்? உம்மையத்தான் பிடிப்பான்.”

“அகப்பட மாட்டேன்.”

“பஸ்ராவுல சர்க்காருக்காகச் சுட்டீரு. இங்கன மொதலாளிக்காகச் சுட்டீரு. நமக்குன்னு எப்பம்வே சுடப்போறீரு?”

“நெல்லு நமக்குத்தானட்டீ” என்றான் மாடக்கண்ணு.

வியாழக்கிழமை. மூன்று வாரமாக விடாமல் தூறிக்கொண்டிருந்த சாரல் விடியற்காலையில் நின்றுவிட்டது. எட்டு மணிக்கு வெயில் அடித்தது. மலை, கழுவித் துடைத்த மாதிரி, ஒவ்வொரு மரமாகத் தெரிந்தது. சப்-கலெக்டர், தாசில்தார், மந்திரமூர்த்தி, நான்கு சேவகர்கள் ஒரு பாறைக்குப் பின்னால் நின்றார்கள். முன்னால் காக்கிக் கோட்டில் நம்பிராஜன். இடது பக்கம் இருபது கஜத்தில், ஈச்சம்புதருக்குள் மாடக்கண்ணு அதிகாலையிலிருந்தே குப்புறப் படுத்திருந்தான். வெயிலைப் பார்த்தபோதே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் நம்பிராஜன் அம்பலப்படுவார், துப்பாக்கி போய்விடும். புதரை விட்டு அவன் நகரவில்லை.

மேலேயிருந்து பன்னிரண்டு பேர் தகரம் கொட்டிக் கலைத்துக்கொண்டு வந்தார்கள். ஓடைக்கரை நாணலை முறித்துக்கொண்டு ஒரு பெரிய ஒற்றைப் பன்றி வெளியே பாய்ந்தது. நம்பிராஜன் துப்பாக்கியைத் தூக்கினார். வெடி கேட்டது. பன்றி பத்துப் பன்னிரண்டு அடி தூரம் ஓடிக் கவிழ்ந்தது.

“பிரமாதம்!” என்று மந்திரமூர்த்தி கத்தினார். சேவகர்கள் கை தட்டினார்கள்.

சப்-கலெக்டர் பன்றியைப் பார்க்கவில்லை. ஈச்சம்புதரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயிருந்து ஒரு வீட்டுக் கூரைக்கு மேலே கிளம்புவது போல வெள்ளைப் புகை, அவசரமில்லாமல், வெயிலில் ஏறிக்கொண்டிருந்தது. அவரும் யுத்தத்தில் இருந்தவர்; எங்கேயிருந்து சுடுகிறார்கள் என்று பார்த்துப் பழகிய கண். நம்பிராஜனிடம் போய்க் கையை நீட்டித் துப்பாக்கியை வாங்கினார். முறித்துத் திறந்தார். இரண்டு குழலும் காலி. உள்ளே எண்ணெய் பளபளத்தது. போன வெள்ளிக்கிழமை பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு விசைக்கு மேலே காய்ந்து அப்படியே இருந்தது.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே நம்பிராஜனுக்குத் தோள் நினைவுக்கு வந்திருந்தது. இரண்டு தோட்டாவையும் எடுத்துத் திரும்பப் பட்டையில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். மாடக்கண்ணுவின் வெடிச் சத்தமே இரண்டு பேருக்கும் போதும் என்று நினைத்தார்.

“இதில் தோட்டா இல்லையே?” என்றார் சப்-கலெக்டர்.

நம்பிராஜன் கும்பிட்டார். கும்பிட்டபடியே சொன்னார்:

“தொரெ சமூகத்துல தோட்டா போட்ட துப்பாக்கியோட நிக்கது மரியாதை இல்லைன்னு எடுத்து வச்சுட்டேன்.”

தாசில்தார் அதை இங்கிலீஷில் சொன்னார். சப்-கலெக்டர் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“அப்படியானால் சுட்டது யார்?”

இந்த இடத்தில் நம்பிராஜனுக்கு வாய் திறக்காமல் இருக்க வழி இருந்தது. அவர் புதரைச் சுட்டிக்காட்டினார்.

“கள்ளத் துப்பாக்கி, தொரெ! ரொம்ப நாளா எனக்குச் சந்தேகம். இன்னைக்கு உங்க கண் முன்னாலயே மாட்டிக்கிட்டான். ஏலே, வாலே வெளிய!”

மாடக்கண்ணு எழுந்து வந்தான். நாட்டுத் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு விறைப்பாக நின்றான். சப்-கலெக்டர் அவன் நின்ற தோரணையைக் கவனித்தார்.

“எங்கே சுடக் கற்றாய்?”

“பஸ்ரா, தொரெ. சர்க்கார் துப்பாக்கி.”

“நல்ல குறி.”

“இது மொதலாளி வீட்டுப் பரண்ல கெடந்தது, தொரெ. அவுகதான் கொடுத்தாக. மத்தப் பதினேழும்...”

“ஏலே!” என்று மந்திரமூர்த்தி பாய்ந்தார். “சோறு போட்ட வீட்டு மேலயே பழி போடுதியாலே? நான் முப்பது வருஷமா அண்ணாச்சி வீட்டுக்குப் போய் வாரேன். பரண்ல பல்லி இருந்தாக்கூட எனக்குத் தெரியும்.”

பதினேழு தலை தின்ற வாய் அது.

சப்-கலெக்டருக்கு விளங்காமல் இல்லை. கொஞ்ச நேரம் நம்பிராஜனுடைய பூட்ஸையும், தொப்பியையும், விசிலையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாசில்தாரிடம் ஏதோ சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். சேவகர்கள் மாடக்கண்ணுவின் கையைக் கட்டினார்கள். பன்றியின் தலையையும் தொடையையும் அறுத்துத் துரை முகாமுக்கு அனுப்பினார்கள்.

லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு மாடக்கண்ணுவுக்கு நான்கு மாதக் கடுங்காவல். பரணைப் பற்றி அவன் சொன்னதற்குச் சாட்சி இல்லை. இல்லை என்பதற்கு முன்சீப் சாட்சி இருந்தார்.

நம்பிராஜனுடைய லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது. ஆயுதம் சுத்தமாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது, துஷ்பிரயோகம் எதுவும் இல்லை, கள்ளத் துப்பாக்கி ஒன்றைப் பிடிக்கவும் மனுதாரர் உதவினார் என்று குறிப்பு. அன்று துரை குதிரை ஏறுமுன் சொன்னதைத் தாசில்தார் பிற்பாடு கச்சேரியில் சொல்லிச் சிரித்தாராம்: “இவர் கையில் பத்துத் துப்பாக்கி இருந்தாலும் சர்க்காருக்கு ஆபத்தில்லை.” விதியைத் தளர்த்தியவர்கள் யோசித்து யோசித்து எத்தனையோ நிபந்தனை எழுதியிருந்தார்கள். லைசென்ஸ் வாங்குகிறவருக்குச் சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. சுடத் தெரிந்தவனிடம் துப்பாக்கி போய்விடக் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் கவனமாக இருந்தார்கள்.

புரட்டாசி வந்தது. நெல் பால் பிடித்து, பழுத்து, தலை சாய்ந்தது. பன்றிகள் இறங்கின.

குருவம்மாள் தனியாகப் பரணில் இருந்து தகரம் தட்டினாள். நான்காம் நாள் குத்துக்கல்வலசைக்குப் போனாள்.

“மொதலாளி, வயலு போவுது. உங்களால வர முடியலேன்னா துப்பாக்கியை வேற யாருகிட்டயாச்சும் கொடுத்து அனுப்புங்க.”

“கண்டிஷன் தெரியுமாட்டீ?” என்றார் நம்பிராஜன். “வேற ஆள் கையில கொடுக்கக்கூடாது. சட்டம்.”

“எங்க வீட்டு ஆளு கையில இருந்தப்பம் சட்டம் எங்க போயிருந்துச்சு?”

“வாய் ஜாஸ்தியாப் போச்சு உனக்கு.”

அவள் ஒரு வாரம் கழித்து இரண்டாம் தடவை போனபோது, அவருக்குக் காய்ச்சல் என்று ரெங்கம்மாள் வாசலிலேயே சொன்னாள். சொல்லும்போது அவள் குருவம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் தடவை அவள் போனது ஆயுத பூஜை அன்று, பிற்பகலில். கூடம் நிறைய ஆட்கள். பங்காளி, மந்திரமூர்த்தி, இளநீர்ப் பன்றி வக்கீல் எல்லோரும் இருந்தார்கள். நடுவில் பட்டு விரித்து, அதன்மேல் இரட்டைக்குழல் துப்பாக்கி. மாலை, சந்தனம், குங்குமம். சுற்றிலும் பொரியும் கடலையும். சுவரில் கோரைப்பற்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றையும் காட்டி நம்பிராஜன் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“பதினேழாவது இருக்கே, அது என் மேலயே பாஞ்சு வந்துது. நான் அசையலை...”

குருவம்மாள் இடுப்பில் ஒரு கட்டு வைத்திருந்தாள். மிதிபட்டு, சேறு அப்பி, மணி உதிர்ந்துபோன நெற்கதிர். உள்ளே வந்து அதைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில், பட்டின்மேல் வைத்தாள்.

“இதுக்கும் ஒரு பொட்டு வச்சிருங்க மொதலாளி. வயல்ல மிஞ்சுனது இவ்வளவுதான்.”

“ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா...” என்று எழுந்தார் மந்திரமூர்த்தி.

“இரும், சொல்லிட்டுப் போயிருதேன். நேத்து நெலா வெளிச்சத்துல வயல்ல எண்ணிப் பாத்தேன். பதினேழு நிக்கி. ஒண்ணு கொறையலை. எங்க வீட்டு ஆளு சுட்டதெல்லாம் அன்னைக்கே செத்துப்போச்சு, பல்லு இந்தா தொங்குது. வயல்ல நிக்கதெல்லாம் மொதலாளி சுட்ட பன்னி.”

முதலில் பங்காளிதான் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் வக்கீலால் முடியவில்லை. வாயில் போட்டிருந்த பொரி சிதறியது. மந்திரமூர்த்தி சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினார், அடங்கவில்லை. நம்பிராஜன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

அதைப் பார்த்து எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

குருவம்மாள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். ஐந்தருவிக்குக் கீழே மேற்கு வரப்பு ஓரமாக ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக நெல் இன்னும் மிதிபடாமல் நின்றது. பட்டின்மேல் கதிரை வைத்தபோது அதை அவள் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். தகரம் வயல் பரணிலேயே கிடந்தது.